எல்லை கடந்து ஒரு வீடு: விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யலாமா?

கோயம்புத்தூரில் பணியாற்றும் நடுத்தரக் குடும்பங்கள் வீடு வாங்க எண்ணும்போது, அவர்களின் பார்வை இப்போது நகரத்தின் தெற்கிலும் தென்மேற்கிலும் வெகு தொலைவு செல்கிறது. க.க.சாவடியைத் தாண்டி வேலந்தாவளம் வழியாகக் கேரள எல்லைக்குள் நுழைந்தால் வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி ஆகிய கிராமப் பஞ்சாயத்துகள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த இப்பகுதிகளில் தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழ்கின்றனர். தென்னந்தோப்பு, அகன்ற வானம், நெரிசலற்ற சாலை, தமிழ் பேசும் அண்டை வீட்டார், நகரத்தை நோக்கக் குறைந்த மனை விலை ஆகியவை குடும்பத்தோடு குடியேற விரும்புவோரை ஈர்ப்பதில் வியப்பில்லை.

ஆயினும், நகரத்தை விட்டு விலகிச் செல்வது வேறு; மாநிலத்தை விட்டு விலகிச் செல்வது வேறு. முன்னதில் மாறுவது தொலைவு மட்டுமே. பின்னதில் நிலச் சட்டம், பத்திரச் செலவு, பிள்ளைகளின் கல்வி உரிமை, அரசு நலத்திட்டங்கள், வாகனப் பதிவு ஆகிய அனைத்தும் மாறுகின்றன. எருத்தேன்பதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகைய முடிவை எவ்வாறு ஆராய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. இதில் சொல்லப்படும் முறை ஓசூர், களியக்காவிளை, கம்பம், குமுளி என எந்த எல்லைப் பகுதிக்கும் பொருந்தும். மாநிலத்திற்கு ஏற்ப விதிகளை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

விலை ஏன் குறைவு?

நகர மையத்திலிருந்து விலகிச் செல்லச் செல்ல மனை விலை குறைவதை அனைவரும் அறிவர். இதற்குப் பொருளியல் விளக்கம் அளித்தவர்களுள் முக்கியமானவர் வில்லியம் அலான்சோ. 1964இல் வெளிவந்த நூலில் அவர் கூறிய கருத்தின் சாரம் எளியது: ஒரு குடும்பம் இடத்திற்குக் கொடுக்கும் விலையும் பயணத்திற்குக் கொடுக்கும் விலையும் ஒரே தராசின் இரு தட்டுகள். பயணச் செலவு கூடுகிற அளவுக்கு இடத்தின் விலை இறங்குகிறது. ஆகவே, மலிவான மனையில் நாம் காணும் இலாபத்தின் ஒரு பகுதியை நாள்தோறும் சாலையில் திருப்பிச் செலுத்துகிறோம். எஞ்சும் பகுதியே உண்மையான சேமிப்பு.

எல்லாப் புறநகர்களும் ஒன்றல்ல என்பதையும் இங்கு நினைவில் கொள்ள வேண்டும். சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931இலேயே மின்ரயில் ஓடத் தொடங்கியது. தாம்பரமும் அதற்கு அப்பாலுள்ள ஊர்களும் குடியிருப்புகளாக வளர்ந்ததில் அந்த இருப்புப் பாதைக்குப் பெரும் பங்குண்டு. மாதச் சீட்டு வைத்துள்ள ஒருவருக்கு அங்கே தொலைவு அத்தனை பாரமாக இல்லை. எருத்தேன்பதிப் பகுதி சாலையை மட்டுமே நம்பியுள்ளது. பேருந்து கிடைக்கும் நேரம், கடைசிப் பேருந்தின் நேரம், சொந்த வாகனத்தின் எரிபொருள் செலவு ஆகியவையே இங்கு கணக்கைத் தீர்மானிக்கின்றன.

மாதக் கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கீழ்க்காணும் தொகைகள் விளக்கத்திற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. வாசகர்கள் தத்தம் தொகைகளை இட்டுக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

நகரத்தை ஒட்டிய வீட்டின் விலை ரூ.50 லட்சம், எல்லைக்கு அப்பாலுள்ள அதே அளவு வீட்டின் விலை ரூ.30 லட்சம். இரண்டிற்கும் விலையில் 80 விழுக்காடு கடன், வட்டி 8.5 விழுக்காடு, காலம் 20 ஆண்டு. இந்த வட்டிக்கும் காலத்திற்கும் ஒரு லட்ச ரூபாய்க்கான மாதத் தவணை ஏறத்தாழ ரூ.868. எனவே,

நகர வீட்டுக்கு ரூ.40 லட்சம் கடன். தவணை சுமார் ரூ.34,713.
எல்லை வீட்டுக்கு ரூ.24 லட்சம் கடன். தவணை சுமார் ரூ.20,828.
மாத வேறுபாடு ரூ.13,885.

பலர் இந்த இடத்திலேயே கணக்கை முடித்துவிடுகின்றனர். தொடர்வோம். நகர வீட்டிலிருந்து பணியிடத்திற்குச் சென்று திரும்ப 16 கிலோமீட்டர் என்றும், எல்லை வீட்டிலிருந்து 60 கிலோமீட்டர் என்றும், மாதத்திற்கு 25 வேலை நாள் என்றும் கொள்வோம். இருசக்கர வாகனத்திற்கு எரிபொருள், பராமரிப்பு, டயர் தேய்மானம் அனைத்தும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு ரூ.3.50 எனக் கொண்டால், நகர வீட்டிலிருந்து ரூ.1,400, எல்லை வீட்டிலிருந்து ரூ.5,250. கூடுதல் செலவு ரூ.3,850. கோடையில் வாங்க நேரும் தண்ணீர், நகரத்திற்குச் சென்று வரும் பிற தேவைகள் ஆகியவற்றிற்கு மாதம் ரூ.1,500 ஒதுக்குவோம். எஞ்சும் சேமிப்பு ரூ.8,535.

கணவன், மனைவி இருவரும் தனித்தனி வாகனத்தில் நகரத்திற்குச் செல்பவர்களாயின் மேலும் ரூ.3,850 கழியும், சேமிப்பு ரூ.4,685. ஒருவர் மட்டும் செல்கிறார், ஆனால் காரில் செல்கிறார், கிலோமீட்டருக்கு ரூ.9 செலவாகிறது என்றால், கூடுதல் பயணச் செலவு ரூ.9,900. அப்போது சேமிப்பு ரூ.2,485 மட்டுமே.

இனி நேரத்தைக் கணக்கில் சேர்ப்போம். நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகச் சாலையில் கழிந்தால் மாதத்திற்கு 37.5 மணி நேரம். இருசக்கர வாகனத்தில் ஒருவர் மட்டும் செல்லும் குடும்பம் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ ரூ.228 ஈட்டுகிறது. காரில் செல்பவர் ஈட்டுவது ரூ.66. அந்த நேரத்தைப் பிள்ளைகளோடு கழிக்க விரும்பி இடம் மாறும் குடும்பம், பிள்ளைகள் உறங்கிய பிறகு வீடு திரும்பும் நிலை வந்தால், எதற்காக மாறினோம் என்ற கேள்வி எழும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்தே பணிபுரியும் வாய்ப்புள்ளவர், பொள்ளாச்சி, கஞ்சிக்கோடு, பாலக்காடு பகுதிகளில் பணியாற்றுபவர், பணி ஓய்வு பெற்றவர் ஆகியோருக்குக் கணக்கு முற்றிலும் வேறாகும். ஒரே வீடு ஒரு குடும்பத்திற்கு மலிவாகவும் மற்றொரு குடும்பத்திற்கு விலை மிகுந்ததாகவும் அமைவது இதனால்தான்.

வட்டி உயரும் வாய்ப்பையும் மறக்கலாகாது. மேற்கண்ட ரூ.24 லட்சம் கடனுக்கு வட்டி 9.5 விழுக்காடானால் தவணை ரூ.22,371 ஆகும், அதாவது மாதம் ரூ.1,543 கூடுதல். எரிபொருள் விலையும் வட்டியும் ஒருசேர உயரும் ஆண்டில் தொலைவில் வாழும் குடும்பமே முதலில் நெருக்கடியை உணரும். ஆகையால், கடன் தவணையும் பயணச் செலவும் சேர்ந்து கைக்கு வரும் வருமானத்தில் பாதியைத் தாண்டாதவாறு திட்டமிடுவது நன்று.

கையிலிருந்து போட வேண்டிய பணம்

இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, ரூ.30 லட்சம் வரையிலான வீட்டுக் கடன் வீட்டின் மதிப்பில் 90 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது. ரூ.30 லட்சத்திற்கு மேல் ரூ.75 லட்சம் வரை 80 விழுக்காடு; அதற்கு மேல் 75 விழுக்காடு. இந்த மதிப்பில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் பொதுவாகச் சேரா. வீட்டின் விலை ரூ.10 லட்சத்திற்கு மிகாதபோது மட்டும் அவற்றைச் சேர்த்துக்கொள்ள விதி இடமளிக்கிறது. ஆகவே பத்திரச் செலவு முழுவதும் வாங்குபவரின் சேமிப்பிலிருந்தே வர வேண்டும்.

தமிழ்நாட்டில் விற்பனைப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. ஆக 9 விழுக்காடு. பெண்கள் பெயரில் பதியப்படும் ரூ.10 லட்சம் வரையிலான சொத்துகளுக்கு 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு சலுகை உண்டு. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு; ஆக 10 விழுக்காடு. நாம் வழிகாட்டி மதிப்பு என்பதை அங்கே நியாய விலை என்பர். பத்திரத்தில் காட்டும் விலை, நியாய விலை இவற்றுள் எது கூடுதலோ அதன் மீது கட்டணம் கணக்கிடப்படும்.

நமது எடுத்துக்காட்டில் எல்லை வீட்டிற்குக் கைப்பணம் ரூ.6 லட்சம், பத்திரச் செலவு ரூ.3 லட்சம், ஆக ரூ.9 லட்சம் வேண்டும். இதற்கு அப்பால் வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீட்டாளர் கட்டணம், குடிபெயர்ப்புச் செலவு ஆகியவையும், ஆறு மாதத் தவணைக்குச் சமமான அவசரகால வைப்பும் தனியே இருத்தல் வேண்டும். வீட்டின் பரப்பு 100 சதுர மீட்டரைத் தாண்டினால் கேரளக் கட்டட வரிச் சட்டம், 1975இன்படி ஒருமுறை செலுத்தும் கட்டட வரியும் உண்டு. பஞ்சாயத்துக்கு ஆண்டுதோறும் செலுத்தும் சொத்து வரி இதனின் வேறானது.

மற்றொரு எச்சரிக்கை. அசையாச் சொத்துப் பரிவர்த்தனையில் ரூ.20,000 அல்லது அதற்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. முன்பணமானாலும் வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள். விற்பவர் ரொக்கம் கேட்டு வற்புறுத்தினால், அதையே முதல் எச்சரிக்கை மணியாகக் கொள்ளுங்கள்.

ஒரே சொல், இரு பொருள்

தமிழர்கள் கேரளத்தில் மனை வாங்கும்போது மிகப் பெரிய இழப்புக்கு வழிவகுக்கக்கூடியது ஒரு சிறு சொல். தமிழில் ‘நிலம்’ என்றால் பொதுவாக மண், மனை, வயல் எதையும் குறிக்கும். கேரள வருவாய்ப் பதிவேடுகளில் ‘நிலம்’ என்பது நெல்வயலையே குறிக்கும். வீடு கட்டத்தக்க மேட்டு நிலத்தை ‘புரயிடம்’ என்று குறிப்பிடுவர். வரி ரசீதிலோ அடிப்படை வரிப் பதிவேட்டிலோ ‘நிலம்’ என்று எழுதியிருப்பதைக் கண்ட தமிழர், ‘ஆம், நிலம்தானே வாங்குகிறோம்’ என்று கடந்து செல்லக்கூடும். அவர் வாங்குவது வீடு கட்ட இயலாத வயலாக இருக்கலாம்.

கேரள நெல்வயல் மற்றும் ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008இல் இயற்றப்பட்டது. நெல்வயல்களையும் ஈரநிலங்களையும் உள்ளாட்சிவாரியாகப் பட்டியலிட்டு ‘டேட்டா பேங்க்’ எனப்படும் தரவுப் பதிவேடு உருவாக்கப்பட்டது. இப்பதிவேட்டில் இடம்பெற்ற வயலை மண்ணிட்டு நிரப்புவதும் அதில் கட்டடம் எழுப்புவதும் சட்டவிரோதம். தனக்கு வேறு மனை இல்லாத நில உரிமையாளர் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட் வரை வீடு கட்டிக்கொள்ள அனுமதி கோரும் வழி உண்டு. ஆனால் அது வரையறுக்கப்பட்ட விதிவிலக்கு. புதிதாக வாங்குபவர் அதை நம்பி முன்பணம் கொடுத்தல் கூடாது.

களத்தில் பார்த்தால் தென்னை வளர்ந்த மேட்டு மனையாகத் தோன்றும் இடம், ஏட்டில் ‘நிலம்’ என்றே நீடிப்பதும் உண்டு. அத்தகைய இடத்திற்கு இரு நிலைகளில் பரிகாரம் இருக்கிறது. தரவுப் பதிவேட்டில் தவறாகச் சேர்க்கப்பட்டிருந்தால், படிவம் 5 வழியாக வருவாய்க் கோட்ட அலுவலரிடம் விண்ணப்பித்து நீக்கம் பெற வேண்டும். பதிவேட்டில் இல்லாமல் வருவாய் ஆவணத்தில் மட்டும் ‘நிலம்’ என்றிருந்தால், 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழி வகைமாற்றம் கோரலாம். 25 சென்ட் வரையிலான இடங்களுக்கு நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கட்டண விலக்கு உண்டு. இப்பரிகாரங்களை விற்பவரே செய்து முடித்து, திருத்திய வரி ரசீதைக் காட்டிய பின்னரே பத்திரம் பதிவது பாதுகாப்பானது. ‘வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்பது வாங்குபவரின் பணத்தை வைத்து ஆடும் ஆட்டம். வகை மாறாத மனையில் கட்டட அனுமதி கிடைக்காது. அனுமதி இல்லாத கட்டடத்திற்கு வங்கிக் கடனும் கிடைக்காது.

ஆவணங்களும் அவற்றின் பெயர்களும்

தமிழ்நாட்டில் பழகிய ஆவணப் பெயர்கள் எல்லைக்கு அப்பால் வேறாகும். நாம் கிரயப் பத்திரம் என்பது அங்கே ஆதாரம். மூலப் பத்திரம் அங்கே முன்னாதாரம். வில்லங்கச் சான்றுக்குப் பெயர் பாத்யதா சர்டிபிக்கேட். பட்டா மாறுதலை ஒத்த நடவடிக்கை போக்குவரவு. கிராம அலுவலகப் பதிவேட்டில் ஒவ்வொரு நில உரிமையாளருக்கும் தண்டப்பேர் எண் ஒன்று இருக்கும். பட்டா, சிட்டா என்னும் ஆவணங்களை அங்கே தேடிப் பயனில்லை. அவற்றின் இடத்தில் நடப்பு ஆண்டு வரி ரசீது, கைவசச் சான்றிதழ், இட அமைவு வரைபடம் ஆகியவற்றைக் கிராம அலுவலகத்திலிருந்து பெற வேண்டும்.

அளவையும் வேறுபடும். வருவாய் ஆவணங்களில் பரப்பு ‘ஏர்’ கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ 2.47 சென்ட். ஐந்து சென்ட் மனை ஆவணத்தில் ஏறத்தாழ 2.02 ஏர் எனக் காணப்படும். பேசிய சென்ட் கணக்கும் எழுதிய ஏர் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்பதைப் பெருக்கிப் பாருங்கள்.

ஆவணங்கள் மலையாளத்தில் இருப்பதால், பேசத் தெரிந்தவர்கூடப் படித்தறிய இயலாமல் போகலாம். விற்பவரோ தரகரோ படித்துக் காட்டுவதை மட்டும் நம்பாமல், வங்கியின் குழுவிலுள்ள வழக்கறிஞரின் சட்டக் கருத்தைக் கேட்டுப் பெறுங்கள். பொதுவாக 30 ஆண்டு வில்லங்கம் பார்க்கப்படும். இப்பகுதி பழைய கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று கேரளத்தின் பகுதியானது. குத்தகை நிலங்கள் 1970 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தத்திற்கு உட்பட்டவை. எனவே உரிமை எவ்வாறு வந்தது, நிலத் தீர்ப்பாயத்தின் கிரயச் சான்றிதழ் உள்ளதா என்பவற்றை வழக்கறிஞர் ஆராய்வார். வங்கி அடமானங்களைப் பதிவு செய்யும் செர்சாய் மையப் பதிவகத்திலும் தேடல் நடைபெறும். இச்சோதனைகளுக்கு ஆகும் சில ஆயிரம் ரூபாய், பல லட்சத்திற்கான காப்புறுதி.

தண்ணீர்

கேரளம் என்றவுடன் மழையும் பசுமையும் நினைவுக்கு வரும். சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதி அவ்வாறன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி, மழை மறைவில் அமைந்த எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி ஆகியவை கேரளத்தின் வறண்ட பஞ்சாயத்துகள். கோடையில் லாரி வழியே குடிநீர் வழங்க நேர்வது இங்குப் புதிதல்ல.

இப்பகுதியின் பாசனம் பெரிதும் சித்தூர்ப்புழையைச் சார்ந்தது. பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்திற்காகத் தமிழ்நாடும் கேரளமும் 1970இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, சித்தூர்ப்புழைக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நீர் விடப்பட வேண்டும். அந்நீர் மூலத்தறையில் தடுக்கப்பட்டுக் கால்வாய்களில் பிரிகிறது. மழை பொய்க்கும் ஆண்டில் இரு மாநில விவசாயிகளின் கவலையும் இந்த ஒரே நீரைச் சுற்றியே அமைகிறது. நிலத்தடி நீரின் நிலையும் கவனத்திற்குரியது. அண்டையிலுள்ள பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடையில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட குளிர்பான ஆலை, நிலத்தடி நீர் குறித்த மக்கள் போராட்டத்திற்குப் பின் 2004இல் மூடப்பட்டதை நாடே அறியும்.

இதிலிருந்து வீடு வாங்குபவர் பெற வேண்டிய பாடம் மூன்று. முதலாவது, மனையை ஆகஸ்டு மாதத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் அண்டை வீட்டுக் கிணற்றை எட்டிப் பாருங்கள். இரண்டாவது, குழாய் இணைப்பு உள்ளதா, வாரத்தில் எத்தனை நாள் நீர் வருகிறது என்பதை விற்பவரிடம் கேட்காமல் தெருவில் வசிப்பவர்களிடம் கேளுங்கள். மூன்றாவது, ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொள்ளலாம் என்று எண்ணினால், கேரள நிலத்தடி நீர்ச் சட்டம், 2002இன் கீழ் அனுமதி தேவைப்படுமா என்பதை நிலத்தடி நீர்த் துறையிடம் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். மழைநீர்ச் சேகரிப்புக்கும் தரைமட்டத் தொட்டிக்கும் ஆகும் செலவை வீட்டின் விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள்.

பிள்ளைகளின் கல்வி

குடும்பத்திற்கு ஏற்ற ஊரா என்ற கேள்விக்கு எருத்தேன்பதிப் பகுதியில் பல நல்ல விடைகள் உள்ளன. சித்தூர் வட்டத்தில் தமிழ் வழிப் பள்ளிகள் இயங்குகின்றன. 1947இல் தொடங்கப்பட்ட சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் பயிற்றுவிக்கப்படுகிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969 தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் பள்ளிகளில் மலையாளம் கட்டாயப் பாடமாக்கப்பட்டது. இளம் பிள்ளைகளுக்கு இது ஒரு மொழி கூடுதலாகக் கிடைக்கும் பேறு. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்கு அதுவே சுமையாகவும் அமையலாம்.

உயர்கல்வி உரிமைகளில் மிகுந்த கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு உரியது. கல்லூரியில் மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் தமிழ்நாட்டுப் பள்ளிப் படிப்பை அடிப்படையாகக் கொண்டவை. ஏழாம் வகுப்புப் படிக்கும் மகளை எல்லைக்கு அப்பாலுள்ள பள்ளியில் சேர்த்தால் இவ்வாய்ப்புகள் கைநழுவும். கேரளத்தின் தொழிற்கல்விச் சேர்க்கையிலும் கேரளத்தைச் சேர்ந்தவர், சேராதவர் என்ற வகைப்பாடு உண்டு.

சாதிச் சான்றிதழ் மாநிலத்தோடு பிணைந்தது. ஒரு மாநிலத்தில் பட்டியலினத்தவராக உள்ளவர் வேறு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தால், அங்கே அதே ஒதுக்கீட்டு உரிமையைத் தானாகப் பெற இயலாது என உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990இல் தீர்ப்பளித்துள்ளது. இதனைப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன் எண்ண வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பின் எண்ணிப் பயனில்லை. வீடு எல்லைக்கு அப்பாலும் பள்ளி இப்பாலும் இருக்கட்டும் என்று முடிவு செய்யும் குடும்பங்கள், பிள்ளையின் பயண நேரத்தையும் கட்டணத்தையும் மாதக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நலத்திட்டங்களும் முகவரியும்

தமிழ்நாட்டுக் குடும்ப அட்டையோடு இணைந்த பயன்கள் பல. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் ரூ.1,000, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், இரு மாதத்திற்கு 100 யூனிட் இலவச மின்சாரம், நகரப் பேருந்துகளில் மகளிருக்கான கட்டணமில்லாப் பயணம் ஆகியவை தமிழ்நாட்டுக்கு உரியவை. கேரளத்தில் அம்மாநிலத்திற்கே உரிய வேறு திட்டங்கள் உள்ளன. குடும்ப அட்டையும் மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என நான்கு வகைப்படும். எந்த வகை அட்டை கிடைக்கும் என்பதைப் பொறுத்தே பயன்கள் அமையும். இழக்கும் தொகையையும் பெறும் தொகையையும் தாளில் எழுதி ஒப்பிடுங்கள். இரு மாநிலங்களிலும் பயன் பெற முயல்வது சட்டப்படி குற்றமாகும்.

வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றத்திற்குப் படிவம் 8. வாகனத்தை வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அம்மாநிலப் பதிவெண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்ட விதி. அதற்குப் பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும், புதிய மாநிலத்தின் சாலை வரியும் தேவை. வாகனத்திற்குக் கடன் நிலுவையிருந்தால் வங்கியின் இசைவும் வேண்டும். வங்கிக் கணக்கில் முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கத் தவறினால், காசோலைப் புத்தகமும் அறிவிப்புகளும் பழைய முகவரிக்கே செல்லும்.

வங்கியில் கேட்க வேண்டியவை

சொத்து வேறு மாநிலத்தில் இருப்பதால், எந்தக் கிளை கடனை வழங்கும், எந்த வழக்கறிஞர் ஆவணங்களை ஆராய்வார், அடமானம் எங்கே எழுதப்படும் என்பவற்றை முன்பணம் கொடுக்கும் முன்பே கிளையில் கேட்டறியுங்கள். வட்டி, கட்டணங்கள், ஆண்டு மொத்தச் செலவு விழுக்காடு ஆகியவற்றை ஒரே இடத்தில் தரும் முக்கிய விவரக் குறிப்பை வழங்குவது 2024 அக்டோபர் 1 முதல் கட்டாயம். அதைப் படித்த பின்னரே ஒப்பமிடுங்கள். மாறும் வட்டியிலான தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி அடைப்பதற்கு அபராதம் கிடையாது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று தெரிவு செய்யும் உரிமை கடன் பெற்றவருக்கு உண்டு. கடனை முழுவதும் அடைத்த 30 நாட்களுக்குள் மூல ஆவணங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு உண்டு.

பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் ரூ.9 லட்சம் வரையுள்ள குடும்பங்களுக்கு வட்டி மானியமாக அதிகபட்சம் ரூ.1.80 லட்சம் கிடைக்க வழியுண்டு. ஆனால் இது நகர்ப்புறப் பகுதிகளுக்கான திட்டம். கிராமப் பஞ்சாயத்திலுள்ள வீட்டிற்கு இது பொருந்துமா என்பதை உறுதி செய்யாமல், மானியத்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

முடிவெடுக்கும் வரிசை

மேற்கண்டவற்றைச் செயல்முறையாகத் தொகுத்தால் வரிசை இவ்வாறு அமையும்.

1. தவணை, பயணம், தண்ணீர் மூன்றையும் சேர்த்து மாதக் கணக்குப் போடுங்கள். மீதியைக் கூடுதல் பயண நேரத்தால் வகுத்துப் பாருங்கள்.
2. பிள்ளைகளின் வகுப்பு, ஒதுக்கீடு, உதவித்தொகை ஆகியவற்றில் எதை இழப்போம், எதைப் பெறுவோம் என்று எழுதுங்கள்.
3. இயன்றால் அப்பகுதியில் ஆறு மாதம் வாடகைக்குக் குடியிருங்கள். அதில் ஒரு கோடையும் அடங்கட்டும்.
4. வரி ரசீதில் ‘புரயிடம்’ என்றுள்ளதா, தரவுப் பதிவேட்டில் இடம் சேராமல் உள்ளதா என்று பாருங்கள்.
5. வங்கி வழக்கறிஞரின் சட்டக் கருத்தைப் பெறுங்கள்.
6. அதன் பின்னரே, வங்கிக் கணக்கு வழியாக முன்பணம் கொடுங்கள்.
7. பதிவு முடிந்தவுடன் போக்குவரவு செய்து, உங்கள் பெயரில் வரி செலுத்தி ரசீது பெறுங்கள்.

நடைமுறையில் பெரும்பாலோர் இவ்வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றுகின்றனர். முன்பணம் முதலில் போகிறது. வகைப்பாடு கடைசியில் தெரியவருகிறது. அப்போது வங்கி கடனை மறுத்தால், அந்த மறுப்பே வாடிக்கையாளரைக் காக்கும் கடைசி வேலி. அதற்கு முன்பே அவரது சேமிப்பு விற்பவரின் கைக்குப் போயிருக்கும்.

எருத்தேன்பதியில் குடியேறுவது நல்ல முடிவா என்பதற்கு அனைவருக்கும் பொதுவான விடை கிடையாது. பொள்ளாச்சியில் பணியாற்றும் இளம் தம்பதியருக்கு, பிள்ளை இன்னும் பள்ளி செல்லாத நிலையில், குடிநீர் இணைப்புள்ள புரயிடத்தில் அமைந்த வீடு சிறந்த தெரிவாகலாம். கோயம்புத்தூரின் வடக்கில் பணியாற்றி, பத்தாம் வகுப்பு மகனை வைத்திருக்கும் குடும்பத்திற்கு, நகரத்திலேயே இன்னும் மூன்றாண்டு வாடகைக்கு இருந்து சேமிப்பைப் பெருக்குவது நன்றாகலாம். உங்கள் குடும்பம் இவ்விரண்டுக்கும் இடையே எங்கே நிற்கிறது என்பதை மேற்கண்ட கணக்கு காட்டும். அந்தத் தாளுடன் அருகிலுள்ள கிளைக்கு வாருங்கள். கடன் விண்ணப்பத்தை நிரப்பும் முன் அதைச் சேர்ந்து பார்ப்போம்.